மெனுவுக்குப் பின்னால் ஒரு புள்ளி

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருப்பவனுக்கு நல்ல சேதி சொல்லி யாரும் ஆள் அனுப்ப மாட்டார்கள். "எல்லாம் நல்லா ஓடுது சார், சும்மா வந்து பாத்துட்டுப் போங்க" என்று ஒரு போன் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கேட்டதையெல்லாம் அடித்துக் கொடுத்த பிறகும் 'தவறு, மறுபடி அடிக்கவும்' என்று வாங்கிக் கட்டிக்கொள்ளும் சகோதர சகோதரிகளே, உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான்.

பெயர் சேகர், ஊர் சங்கராபுரம். இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் ஊர்வலமும் மறியலுமாக இருந்த வருஷங்களில், விழுப்புரத்தில் இருந்த ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனிக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம் நான் ஒருத்தன்தான் ஆள். ஒரு பழைய மொபெட், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு டப்பா நிறைய பிளாப்பி, இவ்வளவுதான் சொத்து. என்னை அடிக்கடி கூப்பிட்டுப் படுத்தியவர் நைனார்பாளையம் தாண்டி ஜவ்வரிசி மில் வைத்திருந்த ஷெரீப் பாய். நல்ல மனுஷர், கம்ப்யூட்டர் மேல் அப்படி ஒரு பிரியம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் மரவள்ளிக் கிழங்கில் பெரும்பாலும் அவர் வாசலுக்குத்தான் வரும். எடை போடும் மேடையில் லாரி ஏறினால், எடை கம்பி வழியாக வந்து கம்ப்யூட்டரில் தெரியும். அதைப் பார்க்கவே ஜனங்கள் வருவார்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிடுங்கிய கிழங்கு ரெண்டு நாள் தாங்கும். மூணாம் நாள் உள்ளே நீலக் கோடு ஓடும், அப்புறம் கறுத்துவிடும், எந்த மில்லும் தொடாது. அதனால் பாய் மில்லில் கம்ப்யூட்டர் 'முடியாது' என்று சொன்னால், வெளியே வெயிலில் யாரோ ஒருத்தருடைய ஒரு வருஷப் பாடு கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கடை காலியான கதை

மில் கம்ப்யூட்டரைப் போட்டால் பச்சை எழுத்தில் ஏழு வரி வரும். ஒன்றை அடித்தால் எடை, ஐந்தை அடித்தால் பெயர் நீக்கம், ஏழை அடித்தால் வெளியே. இதற்குப் பெயர் மெனு. ஓட்டல் மெனு மாதிரியேதான், அதில் இல்லாததைக் கேட்டால் கிடைக்காது. எங்கள் முதலாளி விழுப்புரத்தில் உட்கார்ந்து தன் கையாலேயே எழுதிய ப்ரோக்ராம் அது. வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னிடம் கண்டிஷனாகச் சொல்லிவிட்டார், மெனுவைத் தாண்டி உள்ளே போகக் கூடாது என்று.

சத்தியமாக நானாகப் போகவில்லை. மில்லில் எடை போடும் எழுத்தர் கலியமூர்த்தி, டீ கிளாஸைக் கொண்டுவந்து எஸ்கேப் பட்டன் மேல் வைத்துவிட்டார். ப்ரோக்ராம் மிரண்டுபோய் நின்று, நிறுத்தட்டுமா தொடரட்டுமா என்று என்னைக் கேட்டது. நிறுத்து என்றேன். ஏழு வரியும் மறைந்து, கறுப்புத் திரையின் மூலையில் ஒரே ஒரு புள்ளி நின்றது. அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கட்டளையை அடித்துப் பார்த்தேன். செய்தது. இன்னொன்றை அடித்தேன். அதையும் செய்தது.

போன தை மாசம் வந்த லாரிகளைக் காட்டு என்றால் காட்டியது. மலைமேல் இருக்கும் கரியாலூர்க்காரர்கள் மட்டும் வாருங்கள் என்றால் வரிசையாக வந்து நின்றார்கள். மெனு எதையெல்லாம் முடியாது என்று சொல்லி எங்களை விரட்டியதோ, அதெல்லாம் அங்கே சத்தம் போடாமல் நடந்தது. இத்தனை நாளும் ஜன்னல் வழியாகச் சோறு வாங்கித் தின்றவன் முதல் தடவையாக அடுப்படிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது எனக்கு. உடம்பெல்லாம் புல்லரித்துப்போய் நான் உட்கார்ந்திருந்தபோது, பின்னால் வந்து நின்ற பாய் அந்தக் காலித் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இன்னா தம்பி, கடையைக் காலி பண்ணிட்டியா?"

ஸ்கூட்டரில் வந்த கிழங்கு

எடை போடும் வரியை அமுக்கியதும் மெனு முதலில் கேட்பது வண்டி நம்பர். நம்பர் கொடுக்காவிட்டால் அடுத்த கட்டத்துக்கு நகரவே நகராது. எங்கள் முதலாளி லாரியை மட்டும் நினைத்து எழுதிவிட்டார். மலையடிவாரத்து ஊர்களிலிருந்து மாட்டு வண்டியில் கிழங்கு வரும், பஸ் மேலே மூட்டையாக வரும். மாட்டு வண்டிக்கு எங்கே போய் நம்பர் வாங்குவது? ஒரு சீசன் முழுக்க இதற்காக எனக்கு ஒரு போன்கூட வரவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த தடவை புள்ளிக்குப் போனபோது, சும்மா ஒரு ஆசைக்கு, அதிகமாகக் கிழங்கு கொண்டுவந்த வண்டி எது என்று கேட்டேன். ஒரு நம்பர் வந்தது. எல்லா லாரியையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஒரு நாளைக்கு ஏழெட்டு நடைகூட அடித்திருக்கிறது அந்த வண்டி. நம்பரைப் படித்ததும் கலியமூர்த்தி மெதுவாக எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். அது பாயின் ஸ்கூட்டர். கலியமூர்த்தியின் ஜன்னலுக்கு நேரே வேப்பமரத்தடியில் நிற்கும். வெயிலில் ஜனங்கள் காத்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், நம்பர் இல்லாத வண்டிக்கெல்லாம் மனுஷர் கண்ணில் பட்ட நம்பரை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு அடங்கியதும் அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. புள்ளியைப் பற்றி ஒன்றும் தெரியாமல், வாசல் வழியாகவே போய் மெனுவை ஏமாற்றிய ஆள் அவர் ஒருத்தர்தான். பாய் கோபப்படுவார் என்று பயந்தோம். அவர் நேரே வெளியே போனார், ஸ்கூட்டரை ஒரு சுற்று சுற்றி வந்தார், டயரைக் காலால் அமுக்கிப் பார்த்தார், திரும்பி எங்களைப் பார்த்துச் சொன்னார்:

"இவ்ளோ பாரம் இழுத்தும் ஒரு தபா கூட பஞ்சர் ஆவல பாரு, வண்டின்னா இது வண்டி."

காணாமல் போன ராமாயி

கரியாலூருக்கு மேலே ஒரு சின்ன ஊரில் சொந்தமாகக் கிழங்கு போடுகிறவர் ராமாயி அக்கா. என் மூத்த அக்கா வயசு இருக்கும். மனசில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடுவார். அந்தப் பக்கத்தில் ராமாயி என்ற பெயரில் மட்டும் ஐந்து பேர் எங்கள் மில்லுக்குக் கிழங்கு போட்டார்கள். ஆளுக்கு ஒரு எண் உண்டு. கலியமூர்த்திக்கு ஒரு நாள் சுத்தம் பண்ணும் ஆசை வந்துவிட்டது. ஒரே பெயரைத் தெரியாமல் ஐந்து தடவை அடித்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு ராமாயியை வைத்துக்கொண்டு நாலு பேரை நீக்கிவிட்டார்.

மறு வாரமே ராமாயி அக்கா லாரியோடு வந்து நின்றார். அவர் எண்ணை அடித்தால், அப்படி யாரும் இல்லை என்றது மெனு. சரி, அதே எண்ணில் புதுசாகச் சேர்ப்போம் என்று அடித்தால், இந்த எண் ஏற்கெனவே இருக்கிறது, சேர்க்க முடியாது என்றது. இல்லை என்றும் சொல்கிறது, இருக்கிறது என்றும் சொல்கிறது. லாரியில் கிழங்கு காய்கிறது. எனக்குப் போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது, அந்த அக்கா எடை மேடை ஓரமாகக் குந்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெனுவோடு மல்லுக்கட்டாமல் நேரே புள்ளிக்கு இறங்கினேன்.

அங்கே பார்த்தால், ஐந்து ராமாயியும் இருந்தார்கள். ஒருத்தர்கூடப் போகவில்லை. நாலு பேர் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன நட்சத்திரம் இருந்தது. அட, நீக்குவது என்றால் இவ்வளவுதானா! அந்த மெஷின் யாரையும் அழிப்பதில்லை. ஒரு நட்சத்திரத்தைப் போட்டுவிடுகிறது, மெனு அவர்களைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. திரும்பக் கூப்பிடு என்று ஒரே ஒரு வார்த்தை அடித்தேன். நட்சத்திரங்கள் போயின. கண்ணெதிரே நாலு பேர் மறுபடி வந்துவிட்டார்கள். ஓடிப்போய், அக்கா, நீங்க திரும்பி வந்துட்டீங்க என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் எங்கியும் போவவே இல்லியே தம்பி, இங்கியேதான குந்திக்கினு இருக்கேன்?"

அடுப்படிக்குப் பூட்டு

பாய்க்கு வாய் சும்மா இருக்காது. எங்கள் முதலாளிக்கு டிரங்க் கால் போட்டு, உங்க பையன் காணாமப் போனவங்களையெல்லாம் கூட்டிக்கினு வர்றான் என்று என்னைப் புகழ்ந்துவிட்டார். அந்தப் புகழ்ச்சியோடு என் கதை முடிந்தது. பத்து நாளில் புது ப்ரோக்ராம் வந்தது. எஸ்கேப்பை எத்தனை தடவை அமுக்கினாலும் அசையாது. புள்ளி போயே போய்விட்டது. அதை ஏற்றிப் பூட்டியது நானேதான், அந்தக் கொடுமையை யாரிடம் சொல்வது? நடுவில் எடை மேடைக்குப் பக்கத்தில் எண் காட்டும் விளக்கும் ஒரு இடியில் கருகியிருந்தது. கம்ப்யூட்டரில்தான் தெரியுதே என்று பாய் அதை மாற்றவில்லை. பழைய தராசையும் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார். ஆக, அந்த மில்லில் எடையைப் பார்க்க மெனு ஒன்றுதான் வழி. ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது சார், எனக்காவது அடுப்படிக்கு ஒரு வழி விட்டுவையுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன்.

"அடுப்படியில உனக்கு இன்னாய்யா வேலை?"

மரம் விழுந்த வாரம்

அந்த வருஷம் மறியல் ஒரு வாரம் நடந்தது. சேலம் ரோட்டில் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை, கள்ளக்குறிச்சியில் கடை எதுவும் திறக்கவில்லை. பாய் மில்லுக்கு ஒரு கிழங்குகூட வரவில்லை. வாரக் கடைசியில் எங்கள் வீட்டு எதிரே இருந்த மருந்துக் கடைக்குப் போன் வந்தது. கலியமூர்த்தி. ராமாயி அக்கா மறியல் சேதி மலைக்கு எட்டும் முன்பே மொத்தக் கிழங்கையும் பிடுங்கிவிட்டாராம். லாரிக்காரர் ஓடைக்கரையும் வண்டிப் பாதையுமாகச் சுற்றி வந்து சேர்வதற்குள் ரெண்டு நாள் போய்விட்டதாம். இப்போது மெனு எடை போடமாட்டேன் என்கிறதாம். கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். மலையில் ஒரு குத்துச் செடிகூட மிச்சமில்லை சார் என்றார்.

மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கள்ளக்குறிச்சி தாண்டி ஒரு பெரிய புளியமரம், அதன் மேல் பத்துப் பதினைந்து பேர். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார்கள். பயந்தேன், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். கிழங்கு கெடுகிற விஷயத்தைச் சொன்னேன். அவர்களும் குடியானவர்கள்தானே, மேலே ஒன்றும் கேட்கவில்லை. நாலு பேர் மொபெட்டை அப்படியே தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். அதில் ஒருவர், என் வயசுக்காரர், உள்ளங்கையில் பிசினைத் துடைத்துக்கொண்டே என் தோள் பையைப் பார்த்து, கம்ப்யூட்டர்ல எத்தினி பேரை வேணா ஏத்தலாமாமே, நெசமா என்று கேட்டார். நிஜம்தான் என்றேன்.

"எங்க எல்லாரையும் எண்ணி அதுல ஏத்தி வெச்சிருந்தீங்கன்னா, நாங்க எதுக்குத் தம்பி ரோட்டுல குந்திக்கினு இருக்கப் போறோம்?"

கம்பியில் ஓடிய எண்

மில்லுக்குள் நுழைந்தபோது லாரி எடை மேடை மேல் நின்றிருந்தது. பாய் ஒரு கிழங்கை உடைத்து என்னிடம் காட்டினார். உள்ளே வெள்ளைதான், ஆனால் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு நீலம். சாயந்திரத்துக்குள் அரைத்தால் உண்டு, இல்லாவிட்டால் அவ்வளவையும் ஓடையில்தான் கொட்ட வேண்டும் என்றார். குத்துமதிப்பாகப் போட்டு இறக்கிவிடலாமா என்று அவரே ஒரு தடவை கேட்டிருக்கிறார். ராமாயி அக்கா முடியாது என்றுவிட்டார். சந்தையில் குத்துமதிப்பு என்று சொல்லி மலைக்காரர்களை எவ்வளவு ஏய்த்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாதா? கிழங்கு கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டால் அப்புறம் எடை என்ன என்று ஆண்டவனுக்கும் தெரியாது. பாயும் அதை ஒப்புக்கொண்டார்.

மெனுவின் வாதம் இது. மறியல் தொடங்கிய அன்று திறந்த திங்கட்கிழமையை முடிக்காமல் புது நாளைத் திறக்கமாட்டேன். சரி, திங்கட்கிழமையை முடி என்றால், அன்றைக்குக் கிழங்கே வரவில்லையே, வராத நாளை எப்படி முடிப்பது என்று என்னையே திருப்பிக் கேட்டது. கிழங்கு வராத ஒரு நாள் வரும் என்று எங்கள் முதலாளிக்குத் தோன்றவே இல்லை. விழுப்புரத்துக்குப் போன் போட்டேன். ரோடு திறந்ததும் வருகிறேன், அதுவரை எதையும் தொடாதே என்றார். எஸ்கேப்பை அமுக்கி அமுக்கி விரல்தான் வலித்தது. ராமாயி அக்கா ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

குனிந்த இடத்தில் அந்தக் கம்பி கிடந்தது. எடை மேடையிலிருந்து சுவர் வழியாக வந்து கம்ப்யூட்டரின் முதுகில் செருகியிருக்கும் கம்பி. அட மடையா, மெனுவுக்கு எடை எங்கே தெரியும்? அதுவும் இந்தக் கம்பியைக் கேட்டுத்தானே சொல்கிறது! எழுந்து கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, நாமே ப்ரோக்ராம் எழுத உதவும் பேசிக் என்ற மொழி இருந்த பிளாப்பியை என் டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுத் திறந்து, கம்பியில் வருவதை அப்படியே காட்டு என்று நாலைந்து வரி எழுதினேன். முதலில் குப்பை குப்பையாகக் கோணல் எழுத்து வந்தது. வேகம் பொருந்தவில்லை. கம்பி பேசுகிற வேகத்தைத் தேடி ஒவ்வொன்றாக மாற்றினேன். சட்டென்று திரை முழுக்க எண்கள் கொட்டத் தொடங்கின.

எப்படிச் சொல்வேன்? மெனுவில் எடை என்றால் ஆடாமல் அசையாமல் நிற்கிற ஒரே எண். இங்கே எண் ஓடிக்கொண்டே இருந்தது, ஏறியது, இறங்கியது. டிரைவர் கீழே குதித்தார், அவர் எடை அப்படியே குறைந்தது. காற்று அடித்துத் தார்ப்பாய் தூக்கியது, கடைசி இலக்கம் நடுங்கியது. கலியமூர்த்தி மேடையைக் கடந்து போனார், அவர் ஏறி இறங்கியது எண்ணில் தெரிந்தது. இத்தனை நாளும் ப்ரோக்ராம் இந்த நடுக்கமெல்லாம் அடங்கும்வரை காத்திருந்து, கடைசி இலக்கத்தை வெட்டிப்போட்டுவிட்டு எங்களுக்கு ஒன்றே ஒன்றைக் காட்டியிருக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், உங்களுக்கும் வந்திருக்கும்.

பாய் மட்டும் ஒப்பவில்லை. நிக்காம ஆடுற எண்ணை எப்படி நம்பறது என்றார். குடோனிலிருந்து எடை போட்டுத் தைத்த ஜவ்வரிசி மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேடையிலேயே லாரிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். எண் ஒரு மூட்டை ஏறி அங்கேயே நின்று ஆடியது. இன்னொரு மூட்டை. இன்னொரு ஏற்றம். பாய் திரையைத் தொட்டுப் பார்த்தார், மூட்டைகளை இறக்கச் சொல்லிவிட்டுச் சாக்பீஸை எடுத்து லாரி எடையைக் குடோன் கதவில் பெரிசாக எழுதினார். கிழங்கு இறங்கியது. காலி லாரியையும் மேடையில் நிறுத்தி எடையை அதற்குக் கீழே எழுதினார். கலியமூர்த்தி ஒரு கிழங்கை எடுத்து உடைத்துக் காட்டினார், இன்னும் வெள்ளைதான். சாயந்திரத்துக்குள் மொத்தமும் தொட்டிக்குப் போய்விட்டது.

ராமாயி அக்காவைத் திரைக்கு முன்னால் கூப்பிட்டேன். லாரி போன பிறகு காலி மேடை மேல் கலியமூர்த்தியை நிற்கவைத்து, பாருங்க அக்கா, இதுதான் அவரு என்றேன். அவர் எண்ணைப் பார்த்தார், ஜன்னல் வழியாகக் கலியமூர்த்தியைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என் பக்கம் திரும்பினார்.

"இம்மா நாளா இத்தை இன்னாத்துக்குத் தம்பி மூடி வெச்சிருந்தீங்க?"

அடுத்த மாதமே எங்கள் முதலாளி 'கம்பி எடையை நேரில் பார்க்க' என்று மெனுவில் எட்டாவதாக ஒரு வரி சேர்த்து, அதற்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டு, அதை எனக்கே சொல்லாமல் அனுப்பிவைத்ததால், அந்த பேசிக் பிளாப்பி டப்பாவில் இல்லாமல் அதற்கப்புறம் நான் மில் பக்கம் போனதே இல்லை.